இரண்டு மணியிலிருந்து ஏழு மணிவரை

நேயர்களுக்கு வணக்கம். குற்றம் செய்ததற்காகச் சிங்கப்பூர் நீதிமன்றத்தால் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்ட இளையர்களோடு தொண்டூழியராகப் பல ஆண்டுகள் பழகிய என்னிடம், பிள்ளைகள் ஏன் தடம் மாறுகிறார்கள் என்று பலரும் கேட்பதுண்டு. கைப்பேசி, கூடாநட்பு என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை, பெற்றோர் வேலை முடிந்து வந்து சேரும் ஏழு மணிவரை எங்கே, யாரோடு இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்; பெயர் வேண்டாம். உயர்நிலை இரண்டில் படித்தான். தாயாருக்கு மாற்றுநேரப் பணி. தந்தை உடன் இல்லை. அடுப்பின்மேல் சோறும் குழம்பும் மூடி வைக்கப்பட்டிருக்கும். தனியே உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் அவன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடுவான். அங்கே கல்மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த மூத்த பையன்கள் அவனுக்குப் பராட்டா வாங்கிக் கொடுத்தார்கள். முதலில் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள், கேட்டது பிறகுதான். அவர்களுக்காகக் கடையில் திருடினான். பின்னர் அவர்களோடு ஓர் அடிதடியிலும் நின்றான்.

பிடிபட்டுக் கண்காணிப்பில் வைக்கப்பட்டபோது, இரவு ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. இருக்கிறானா என்று வீட்டுத் தொலைபேசியில் அழைத்துப் பார்ப்பது என் வேலை. முதல் வாரங்களில் 'இருக்கேன்' என்ற ஒற்றைச் சொல்லோடு வைத்துவிடுவான். நானும் விடாமல், சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பத்தரை மணிக்குத்தான் அழைக்க முடிந்தது. மணி ஒருமுறை முழுதாக ஒலிக்கும் முன்பே எடுத்தவன், "அங்கிள், இன்னைக்கு ஏன் லேட்டு?" என்றான்.

அவன் கேட்ட அந்தக் கேள்விக்காகத்தான் இன்று இங்கே பேச வந்தேன். அக்கம்பக்கத்தில் நாம் செய்வதோ, 'அந்தப் பையனோடு சேராதே' என்று நம் பிள்ளைகளை இழுத்துக்கொள்வது. அப்படி இழுத்துக்கொள்ளும்போது, அவனோடு உட்கார அந்தக் கல்மேசைக்காரர்களைத் தவிர வேறு எவரும் இல்லாமல் போகிறார்கள்.

இந்த விஷயத்தில் சட்டம் நம்மைவிடப் பொறுமை காட்டுகிறது. சிறு குற்றம் செய்த இளையரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் ஏறத்தாழ ஆறு மாதம் ஆலோசனைக்கு அனுப்பும் வழிகாட்டித் திட்டம் 1997 முதல் இருக்கிறது. குற்றத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய குறைந்தபட்ச வயதும் 2020இல் 7இலிருந்து 10ஆக உயர்ந்தது.

நேரம் நெருங்கிவிட்டதால், பெற்றோருக்குச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கிக்கொள்கிறேன். பெற்றோரின் கட்டுப்பாட்டை மீறிய பிள்ளை என்று முன்பு பிள்ளையின்மீதே பழி சுமத்திய நீதிமன்ற ஆணை, 2020 முதல் குடும்ப வழிகாட்டி ஆணை என்று அழைக்கப்படுகிறது. ஆயினும் நீதிமன்றம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மானம் போய்விடும் என்று அஞ்சாமல், குடும்பங்களுக்கு ஆலோசனையும் உதவியும் தரும் உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கு முன்னதாகவே செல்லுங்கள். நன்றி, வணக்கம்.