ஓட்டுப் போடும் மூலையில் ஒரு கழித்தல் கணக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பவானிக்கும் அந்தியூருக்கும் நடுவில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 32 வருடம் டீச்சராக இருந்தவள் நான். அரசுப் பள்ளிக்காக ஓட்டுப் போடுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். எந்தக் கட்சி, எந்தச் சின்னம் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம், அதில் நான் வாய் திறக்க மாட்டேன். யாருக்குப் போட்டாலும் பள்ளிக்கூடத்தை மனதில் வைத்துப் போடுங்கள்.

நாம் ஓட்டுப் போட எங்கே போகிறோம்? பெரும்பாலும் ஊர் அரசுப் பள்ளிக்குத்தான். பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்புகிற வீட்டுக்காரரும் அன்றைக்கு அந்தப் படி ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுகிறோம், விரலில் மை வைத்துக்கொள்கிறோம், இறங்கி வந்துவிடுகிறோம். அந்த அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்திருக்கிறோமா?

நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் தேர்தல் வேலைக்குப் போகிற எங்களுக்கு முந்தின நாள் ராத்திரி அங்கேயேதான் படுக்கை. ஒரு தேர்தலில் பவானிசாகர் பக்கம் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியைக் கொடுத்தார்கள். ஒரே அறை, மேலே ஓடு. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது சுவரின் அடிப்பக்கம் ஆளுக்கொரு பலகையாகக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்களே, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுகிற உயரத்தில், அது அங்கேயும் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் ஒரு பெயர். மூலையில் இருந்த கட்டத்தில் ஒரு பிள்ளை 42ல் 17 போக என்று எழுதி, 4ஐ அடித்து மேலே 3 போட்டு, பக்கத்திலிருந்த 2க்கு முன்னால் 1 போட்டுக் கடன் எல்லாம் வாங்கிவிட்டு, விடை எழுதாமல் போயிருந்தது. அதற்குள் பெல் அடித்திருக்கும்.

ஓட்டு மெஷினையும் மறைப்பு அட்டையையும் வைக்க வேறு இடம் இல்லை, அந்த மூலையில்தான் மேசை போட்டோம். பலகையை அழித்துவிடலாமா என்று கூட இருந்தவர் கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. காலை 7 மணியிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கணக்கின் முன்னால் நின்றுதான் பட்டனை அழுத்தினார்கள். ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, வெளியே வரிசை அவ்வளவு நீளம். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் அந்த விடையில்லாத கணக்கு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று. வாக்குச்சாவடி என்றால் சாய்தளம், குடிதண்ணீர், விளக்கு, கழிப்பறை இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. நல்ல விதி. ஆனால் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மாசக்கணக்கில் வறண்டு கிடந்த குழாயில் தேர்தலுக்கு முந்தின நாள் தண்ணீர் வந்தது. ஓட்டு முடிந்த அடுத்த வாரம் நின்றுவிட்டது.

அதைக் கேட்டது யார் தெரியுமா? ஒரு அம்மா. பெருந்துறைப் பக்கம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். பெற்றோரும் டீச்சர்களும் சேர்ந்து பள்ளியைக் கவனித்துக்கொள்கிற பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற நாளில் அவரைத் தலைவராக நிற்கச் சொன்னோம். "ஏனுங் டீச்சர், எனக்குக் கையெழுத்து மட்டுந்தானுங்க போடத் தெரியும், நான் என்னத்தப் பேசறதுங்க?" என்றார். "பேச வேண்டாம் அம்மிணி, உனக்குத் தெரியாததைக் கேளு, போதும்" என்றேன். கை தூக்கி ஓட்டெடுத்தோம், ஜெயித்தார். முதல் கூட்டத்திலேயே வார்டு மெம்பரைப் பார்த்துக் கேட்டார்: "நாங்க ஓட்டுப் போட வந்தன்னைக்குத் தண்ணி வந்துச்சுங்களே, எங்க புள்ளைங்களுக்கு ஏனுங்க வரலை?" மெம்பர் பதில் சொல்லவில்லை. பத்தே நாளில் மோட்டாருக்கு ஆள் வந்தது.

இந்த ஓட்டைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைவர் ஒரு அம்மா. சட்டமன்றத்துக்கு லட்சக்கணக்கான ஓட்டில் நம்முடையது ஒன்று, இங்கே முப்பது நாற்பது பேரில் ஒன்று. இதற்குத்தான் ஆள் வருவதில்லை! அரை நாள் சம்பளம் போகும், எனக்கும் தெரியும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் வீட்டில் யாராவது ஒருவர் போய்விடுங்கள்.

"எங்க பிள்ளை அங்கே படிக்கலையே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1956ல் மதிய உணவு, 1982ல் சத்துணவு, 2020ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, 2022ல் காலை உணவு. வேறு வேறு கட்சிகள் கொண்டுவந்தவை, எல்லாரும் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்தான். உங்கள் தறியில் நாடா ஓட்டுகிறவர் பிள்ளையும், திருப்பூருக்குப் பிழைக்க வந்த பீகார்க்காரர் பிள்ளையும் அங்கேதான் தமிழ் எழுதப் பழகுகிறார்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் ரோடு, சாக்கடை கேட்கிறோம் அல்லவா, கூடவே நம்ம பள்ளியில் எத்தனை டீச்சர் இடம் காலி என்றும் கேளுங்கள்.

சரி, நேரம் முடியப் போகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். கிராம சபையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் இந்த ஆறு நாளும் கிராம சபை கூடும். பள்ளிக்கு என்ன வேண்டுமோ அதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், சுற்றுச்சுவர் என்றால் சுற்றுச்சுவர் என்று ஒன்றை மட்டும். அப்புறம், தீர்மானப் புத்தகத்தை நீட்டினால் உங்கள் கோரிக்கையை அதில் எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுதுவதற்கு முன்னால் போட்டுவிடாதீர்கள். வணக்கம்.