கேசட்டுக்கும் குடுத்தாச்சு, சிடிக்கும் குடுத்தாச்சு, இன்னும் எத்தன தடவ? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். கும்பகோணத்துலேருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. அப்படியே படிச்சிடறேன்.

"அண்ணா, எங்க அப்பா 1984-லேருந்து சேத்து வச்ச கேசட் 240 இருக்கு. அதுல நிறைய பாட்ட அப்புறமா சிடியாவும் வாங்கினார். இப்போ ரெண்டையும் போட மெஷின் இல்ல. நான் மாசாமாசம் ஆப்புக்குப் பணம் கட்டி அதே பாட்டத்தான் அவருக்குப் போட்டுக் குடுக்கறேன். ஒரே பாட்டுக்கு ஒரு குடும்பம் எத்தன தடவதான் காசு குடுக்கறது? ஏற்கனவே வாங்கின பாட்டுதானே, நெட்ல சும்மா கிடைக்கறத இறக்கிக்கிட்டா தப்பா? சில கேசட்ல எங்க பாட்டி பாடினது இருக்கு. அத எப்படிக் காப்பாத்தறது?"

சரிம்மா. பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேல குடுக்கறேன். அந்த 240 கேசட்டையும் பரண்லேருந்து இறக்கி, பாய விரிச்சு, மூணு குவியலாப் பிரிங்க. கம்பெனி கேசட் ஒரு குவியல். ரெக்கார்டிங் சென்டர்ல பதிஞ்சு வாங்கினது ஒரு குவியல். பாட்டி குரல் மாதிரி வீட்டுல நீங்களே பதிஞ்சது மூணாவது. நீங்க கேட்டதுக்கு இந்த மூணுக்கும் பதில் வேற வேற.

ரெக்கார்டிங் சென்டர்னா என்னன்னு சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. எண்பதுகள்ல கடைத்தெருவுக்கு ஒண்ணு ரெண்டாவது இருக்கும். ஒரு தாள்ல நமக்குப் பிடிச்ச பாட்ட வரிசையா எழுதிக் குடுத்துட்டு வந்தா, அவங்க இசைத்தட்டுலேருந்து பதிஞ்சு வைப்பாங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போய் வாங்கணும். 60 நிமிஷக் கேசட்டுன்னா ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். ஆறேழு பாட்டு பிடிக்கும். கடைசிப் பாட்டு சரணத்துல பாதியில நின்னுடும். எங்க வீட்டுல அப்படி ஒரு கேசட் இருந்துச்சு. இன்னிக்கும் அந்தப் பாட்ட எங்க கேட்டாலும், அந்த வரி வந்ததும் டக்குனு நிக்கப் போகுதுன்னு என் காது காத்துக்கிட்டு இருக்கு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்தக் கடையில அப்பா குடுத்த காசு எதுக்குப் போச்சு? வெத்துக் கேசட்டுக்கும் கடைக்காரர் உழைப்புக்கும் போச்சு. பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர், பாடினவர், பதிவு பண்ணின கம்பெனி, இவங்க யாருக்கும் அதுலேருந்து ஒரு பைசா போகல. அதனால அந்த ரெண்டாவது குவியலக் காட்டி "நாங்க ஏற்கனவே காசு குடுத்துட்டோம்"னு சொல்ல நமக்கு வாய் கிடையாது. எங்க அப்பா சேத்ததுலயும் பாதி அதுதான். கேக்கக் கஷ்டமா இருந்தாலும் இத ஒத்துக்கிட்டுத்தான் மேல பேசணும்.

முதல் குவியல், கம்பெனி கேசட். இங்க உங்க கோவம் நியாயமானது. பிலிப்ஸ் கம்பெனி கேசட்ட 1963-ல கொண்டு வந்தாங்க. 1982-ல ஜப்பான்ல சிடி கடைக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல சாதாரணக் குடும்பத்துக்கு அது வந்து சேர இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எம்.பி.3, அதுக்கப்புறம் ஆப். ஒவ்வொரு தடவையும் பாட்டு மாறல, பாட்டச் சுமந்துக்கிட்டு வர்ற பொருள்தான் மாறுச்சு. பழைய பொருளப் போடற மெஷின் கடையிலேருந்து காணாமப் போனதும், நம்மகிட்ட இருக்கறது ஊமையாயிடுது. அப்போ நாம மறுபடியும் காசு எடுத்து நீட்டறோம்.

அப்பா அன்னிக்கு என்ன வாங்கினார்? அந்தக் கேசட்டுங்கற பொருள வாங்கினார். அத அவர் இரவல் குடுக்கலாம், வித்துடலாம், பேரனுக்குக் குடுத்துட்டுப் போகலாம். யாரும் கேக்க முடியாது. பாட்ட நகலெடுத்து ஊருக்கு விக்கற உரிமை மட்டும் கம்பெனிகிட்ட இருக்கு. நம்ம கேள்வி இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல நிக்குது: நான் வாங்கினத, நான் கேக்கறதுக்காக, வேற பொருளுக்கு மாத்திக்கலாமா?

நம்ம நாட்டு 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்துல 52-வது பிரிவு இருக்கு. உரிமை மீறல் ஆகாத செயல்கள் எல்லாம் அதுலதான் வருது. சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு படைப்ப நியாயமான அளவுல பயன்படுத்தினா அது மீறல் இல்லன்னு சொல்லுது. 2012-க்கு முன்னாடி இந்த விலக்கு ஒலிப்பதிவுக்கும் சினிமாவுக்கும் இல்ல. 2012-ல திருத்தம் கொண்டு வந்துதான் கம்ப்யூட்டர் மென்பொருளத் தவிர எல்லாப் படைப்புக்கும் விரிச்சாங்க. அதனால அப்பா காசு குடுத்து வாங்கின சிடியக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, வீட்டுல நீங்க கேக்கறது இதுக்குள்ள அடங்கும்கறதுதான் என் புரிதல். அதையே எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்கன்னா சொந்தப் பயன்பாடுங்கற பேச்சு அங்கேயே முடிஞ்சுது. டிவிடி கொஞ்சம் வேற மாதிரி, அதுல நகலெடுக்க விடாமத் தடுக்கற டிஜிட்டல் பூட்டு இருக்கும். உரிமைய மீறற நோக்கத்தோட பூட்ட உடைச்சா 2 வருஷம் வரைக்கும் சிறைன்னு அதே 2012 திருத்தத்துல சேத்துட்டாங்க. சாதாரணப் பாட்டு சிடியில அந்தப் பூட்டு இருக்காது.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிய பிரிட்டனப் பாருங்க. சொந்த சிடியச் சொந்தமா நகலெடுக்கலாம்னு 2014 அக்டோபர்லதான் அங்க அனுமதி குடுத்தாங்க. இசைத்துறை அமைப்புகள் வழக்குப் போட்டு, 2015 ஜூலையில உயர் நீதிமன்றம் அத ரத்து பண்ணிடுச்சு. கலைஞர்களுக்கு இழப்பீடு வேண்டாம்னு அரசாங்கம் முடிவு பண்ணினதுக்குச் சரியான ஆதாரம் காட்டலங்கறது காரணம். ஜெர்மனிக்காரங்க வேற வழி பிடிச்சாங்க. 1965-லேருந்தே பதிவுக் கருவி விக்கும்போதே ஒரு சின்னத் தொகைய வசூலிச்சு, கலைஞர்களுக்குப் பிரிச்சுக் குடுக்கறாங்க, ஜனங்க வீட்டுல பதிஞ்சுக்கறாங்க. எனக்கு அந்த வழிதான் நேர்மையாப் படுது.

அடுத்தது, நெட்ல இறக்கறது. இங்க நான் உங்க பக்கம் நிக்க மாட்டேன். உங்க சிடியிலேருந்து நீங்க எடுக்கற நகல் உங்க பொருள்லேருந்து பிறந்தது. யாரோ அனுமதியில்லாம ஏத்தி வச்சத இறக்கினா அது அவன் பண்ணின தப்பான நகலோட நகல். டோரண்ட்னு, ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் ஃபைலப் பகிர்ந்துக்கற வழியில இறக்கும்போது நீங்க வாங்கிக்கற அதே நேரத்துல அடுத்தவனுக்கும் அனுப்பிக்கிட்டு இருக்கீங்க, அது விநியோகம். சட்டம் கிடக்கட்டும், காதுக்காவது நியாயம் பண்ணுங்க. சிடியில ஒரு நொடி ஒலிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கு. அந்தச் சும்மா கிடைக்கற எம்.பி.3 பெரும்பாலும் 128. பதினோருல ஒரு பங்கு! அத 320-ன்னு பேர் மாத்தி வச்சாலும் போனது திரும்பி வராது. அலமாரியில ஒரிஜினல் சிடி இருக்கும்போது அத இறக்கறது, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதைதான். வெளியில மாட்டற சிடி டிரைவ் ஒண்ணு வாங்குங்க. ஃப்ளாக் (FLAC)ங்கற ஃபைல் வடிவத்துல ஏத்துங்க, ஒலி துளியும் குறையாது, இடம் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் பிடிக்கும். ஒரு சிடிக்கு அஞ்சு பத்து நிமிஷம். முடிஞ்சுது வேல.

அப்போ மறுபடியும் காசு குடுக்கவே கூடாதான்னா, குடுக்கலாம், ஒரு கேள்வி கேட்டுட்டுக் குடுங்க: இதுல புதுசா யாரோட உழைப்பு இருக்கு? ஸ்டூடியோவோட மூல டேப்பத் தேடி எடுத்து, சுத்தம் பண்ணி, பொறுமையா மறுபடி மாத்தியிருந்தா அது தனி வேலை. பழைய கேசட்ல கேக்காத தம்புராவோட இழை அதுல கேக்கும். நான் ரெண்டாவது தடவையும் சந்தோஷமாக் காசு குடுத்து அப்படி வாங்கியிருக்கேன். அதுக்கு மாறா, பழைய பாட்டு மேல புதுசா டிரம்ஸையும் பேஸையும் ஏத்தி "டிஜிட்டல்"னு அட்டையில போட்டு வித்தாங்களே, இந்தியில ஜங்கார் பீட்ஸ்னே பேர் வச்சு வந்துச்சு, அதுக்கு ஒரு ரூபாய்கூடக் குடுக்காதீங்க. வயலின் வர்ற இடத்துல டப்பு டப்புன்னு அடிச்சா, அந்தப் பாட்டுக்காக உக்காந்து உழைச்சவங்களுக்கு அது அவமரியாதை.

ஆப் சந்தாவ நான் வாடகைன்னுதான் சொல்லுவேன். இந்த மாசம் கட்டினா இந்த மாசம் கேக்கலாம். கம்பெனிக்கும் ஆப்புக்கும் ஒப்பந்தம் முடிஞ்சா பாட்டு ஒருநாள் சாம்பல் நிறத்துல நிக்கும், அழுத்தினா வராது. "வாங்கு"ன்னு பட்டன் போட்டிருந்தாலும் பல இடத்துல நிலைமை இதுதான். மைக்ரோசாஃப்ட் 2019-ல மின்நூல் கடைய மூடினப்போ ஜனங்க வாங்கின புத்தகம் எல்லாம் போயிடுச்சு. பணத்தத் திருப்பிக் குடுத்தாங்க. புத்தகத்துல குறிப்பு எழுதி வச்சிருந்தவங்களுக்கு 25 டாலர் கூடக் குடுத்தாங்க. ஓரத்துல நாம எழுதி வச்ச குறிப்ப 25 டாலர் திருப்பிக் குடுக்குமா? நம்ம நாட்டுல ஃப்ளிப்கார்ட் 2012-ல ஃப்ளைட்னு ஒரு பாட்டுக் கடை திறந்து அடுத்த வருஷமே மூடினாங்க. ஆனா அவங்க வித்தது பூட்டு இல்லாத எம்.பி.3. அப்போ இறக்கி வச்சுக்கிட்டவங்ககிட்ட இன்னிக்கும் அது பாடுது. பூட்டு இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் இங்கதான். கலிபோர்னியாவுல 2025 ஜனவரிலேருந்து, இது உரிமம் மட்டும்தான்னு தெளிவாச் சொல்லாம "வாங்கு"ன்னு போடக்கூடாதுன்னு சட்டமே வந்துடுச்சு.

சந்தாவுல ஒரு நல்லதும் இருக்கு, அதையும் சொல்லணும். கேசட் காலத்துல பாட்டு எழுதினவருக்குப் பெரும்பாலும் ஒரு தடவ கைக்குக் குடுத்ததோட கணக்கு முடிஞ்சுது. கேசட் எத்தன ஆயிரம் வித்தாலும் அவருக்கு அதுல ஒண்ணும் வராது. அதே 2012 திருத்தத்துலதான், சினிமாவுக்கு எழுதினாலும் தியேட்டருக்கு வெளியில அந்தப் பாட்டு சம்பாதிக்கற ராயல்டியில கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு, அத எழுதிக் குடுத்து விட்டுடவும் முடியாதுன்னு வந்துச்சு. அதனால புதுப் பாட்டுக்கு நீங்க கட்டற சந்தா வீண் இல்ல. அப்பா கேக்கறது அதே நூறு நூத்தம்பது பாட்டுன்னா, அதுக்கு உங்க சிடி போதும், வாடகை வேண்டாம். ரெக்கார்டிங் சென்டர் கேசட்ல இருக்கற பாட்டுல அப்பாவுக்கு உயிரா இருக்கறத மட்டும் முறையா விக்கறவங்ககிட்ட ஒரு தடவ வாங்கிடுங்க. அன்னிக்கு விட்டுப்போனது இன்னிக்குப் போய்ச் சேரட்டும்.

புத்தகத்துக்கும் பலபேர் இதே கேக்கறாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். கல்கி மாதிரி நாட்டுடைமை ஆனவங்க எழுத்து மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல சட்டப்படியே இலவசமா இருக்கு. அலமாரியில அச்சுப் புத்தகத்த வச்சுக்கிட்டு மின்நூலுக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி அங்க பாருங்க.

இப்போ மூணாவது குவியல். என் மனசெல்லாம் இங்கதான் இருக்கு. மத்த ரெண்டு குவியல்ல இருக்கற பாட்டு உலகத்துல வேற எங்கயாவது கிடைக்கும். பாட்டி குரல் அந்த டேப்புல மட்டும்தான் இருக்கு, அதுவும் வருஷத்துக்கு வருஷம் தேயுது. சிடிய அப்புறம் பாத்துக்கலாம், இத முதல்ல எடுங்க.

ஜன்னல்கிட்ட வெளிச்சத்துல பிடிச்சு டேப்போட விளிம்பப் பாருங்க. வெள்ளையா மாவு தூவின மாதிரி இருந்தா பூஞ்சை. அத அப்படியே மெஷின்ல போடாதீங்க, மெஷினும் கெட்டு, அடுத்த கேசட்டுக்கும் பரவும். தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. அடுத்தது, டேப்புக்குப் பின்னாடி நடுவுல ஒரு சின்ன பஞ்சு மெத்தை இருக்கும், மெல்லிசான உலோகத் தகட்டுல ஒட்டியிருக்கும். பழைய கேசட்ல அது உதிர்ந்திருக்கும். அது இல்லன்னா டேப், மெஷின்ல ஒலியப் படிக்கற ஹெட்டுல சரியா ஒட்டாது, குரல் மங்கிப் போய்க் கேக்கும். "ஐயோ, பாட்டி குரல் அழிஞ்சு போச்சே"ன்னு ஒரு அம்மா என்கிட்ட கேசட்டோட வந்தாங்க. டேப்ப வேற நல்ல கூட்டுக்கு மாத்திப் போட்டேன். குரல் கணீர்னு வந்துச்சு.

பதியறதுக்கு முன்னாடி முழுசா ஒரு தடவ முன்னாடி ஓட்டி, பின்னாடி ஓட்டுங்க, ஒட்டிக்கிட்டு இருக்கற டேப் தளரும். ஹெட்ட ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. பெல்ட் தளர்ந்த மெஷின்ல ஓட்டினா பாட்டி குரல் தடிச்சு ஆம்பளக் குரல் மாதிரி இழுக்கும், அதனால மெஷின முதல்ல சரி பண்ணுங்க. லேப்டாப் மைக் ஓட்டையில சொருகாதீங்க, டேப் மெஷின் மாதிரி கருவியிலேருந்து வர்ற ஒலிய வாங்கிக்கற ஸ்டீரியோ லைன்-இன் ஓட்டை இருக்கற யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒண்ணு வாங்கிக்குங்க. ஆடாசிட்டினு ஒரு மென்பொருள், இலவசம்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்னு வச்சுப் பதிஞ்சா ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி சொச்சம் வரும். இரைச்சலக் குறைக்கறேன்னு முதல் பதிவுல கை வைக்காதீங்க. அத அப்படியே ரெண்டு இடத்துல வச்சுட்டு, நகல் எடுத்து அதுல என்ன வேணாப் பண்ணுங்க. உள்ள இருக்கற அட்டையில அப்பா கையெழுத்துல தேதி இருந்தா அதையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போடுங்க. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், அவசரப்படுத்த முடியாது. அப்பாவப் பக்கத்துல உக்கார வச்சுக்குங்க, நடுவுல யார் குரல் வருதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் தொடங்கறதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒண்ணு செஞ்சிடுங்க. கேசட்டோட முதுகுப் பக்கம் ரெண்டு ஓரத்துலயும் சின்னதா பிளாஸ்டிக் காது இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால நெம்பி ரெண்டையும் உடைச்சு எடுத்துடுங்க. அது போயிடுச்சுன்னா, கை தவறி ரெக்கார்டு பட்டன அழுத்தினாலும் பட்டன் கீழ இறங்காது, பாட்டி குரல் மேல எதுவும் பதியாது.