வெள்ளரிக்காய் ஞாபகம்

நேயர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எகிப்தில் அடிமைகளாக இருந்து வெளியே வந்த இஸ்ரவேல் மக்கள், சீனாய் மலையடிவாரத்திலிருந்து புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்கள். எதற்காக அழுதார்கள்? எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு என்று ஒரு சந்தைப் பட்டியலே அங்கே இருக்கிறது. அதையெல்லாம் எகிப்தில் கிரயமில்லாமல் சாப்பிட்டோம் என்றும் சொல்கிறார்கள்.

காசு கொடுக்காமல் சாப்பிட்டார்களாம்! அங்கே செங்கல் அறுத்தது யார்? வைக்கோல் தரமாட்டோம், நீங்களே போய்த் தாளடிகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது என்று பார்வோன் யாரிடம் சொன்னான்? கணக்கு குறைந்தபோது அடி வாங்கியது யார்? சரி, அந்த மீன் எந்த ஆற்று மீன்? எபிரெயருக்குப் பிறக்கிற ஆண்பிள்ளைகளை நதியில் போட்டுவிடுங்கள் என்று கட்டளை போட்டிருந்தானே, அதே நைல் நதி மீன்தான். பிள்ளைகளை விழுங்கிய ஆற்றின் மீன் ருசி நாக்கில் நிற்கிறது. பிள்ளைகள் ஞாபகத்தில் இல்லை.

பழைய வாழ்க்கை விசுவாசியை இழுப்பது பெரும்பாலும் இப்படித்தான். பாவம் தன் கோர முகத்தைக் காட்டிக் கூப்பிட்டால் நம்மில் யாரும் போகமாட்டோம். அது ஒரு பழைய ஞாபகமாக வருகிறது. அதுவும் வேண்டாத பகுதியை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வருகிறது.

எனக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் கொத்தனார். குடியை விட்டு ஆண்டவரிடம் வந்தவர். ஒருநாள் அவர் சொன்னார்: "குடிக்கணும்னு ஆசை அவ்வளவா வரலை ஐயா. சனிக்கிழமை கூலி வாங்கினதும் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சிரிச்சுப் பேசுவோமே, அதுதான் மனசுக்குள்ள வந்துகிட்டே இருக்கு." கூட்டாளிகளும் அவரைக் குடிக்கக் கூப்பிடவில்லை. "நீ குடிக்க வேண்டாம்ப்பா, சும்மா பக்கத்துல உட்காரு, சுண்டலைச் சாப்பிடு" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு நினைவிருந்தது. அப்பா வரும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் இரண்டும் தூங்குவதுபோலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்ததை மனைவிதான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வனாந்தரத்தில் அந்த மக்களுக்கு ஆண்டவர் தந்த உணவு மன்னா. தினமும் ஒரே மன்னாதான். அரைத்தார்கள், இடித்தார்கள், அப்பம் சுட்டார்கள். எப்படிச் செய்தாலும் அதேதான். விசுவாச வாழ்க்கையிலும் ஜெபம் வறண்டு, பாட்டு வாயில் மட்டும் ஓடுகிற நாட்கள் உண்டு. அப்படி எதுவுமே வராது என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் புது விசுவாசிக்கு உதவி செய்யவில்லை. அந்த வறண்ட நாளில்தான் வெள்ளரிக்காய் ஞாபகம் வரும். அப்புறம், நம் சாட்சி நேரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வாழ்க்கையை அரைமணி நேரம் ரசித்து ரசித்துச் சொல்லிவிட்டு, இரட்சிப்பைக் கடைசி இரண்டு நிமிடத்தில் முடிக்கிறோம். கேட்கிற வாலிபனுக்கு மனதில் எது தங்கும்?

ஆதிச் சபையின் பெரிய ஆயர்களில் ஒருவரான அகுஸ்தினாருக்கும் இந்த இழுப்பு இருந்தது. 386ஆம் ஆண்டு, மிலான் நகரில், தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் அவர் தனக்குள் போராடிக்கொண்டிருந்தபோது, பழைய ஆசைகள் தன் உடையைப் பிடித்து இழுத்து, "எங்களை அனுப்பிவிடப் போகிறாயா? இனி என்றைக்கும் நாங்கள் உன்னோடு இருக்கமாட்டோமா?" என்று கேட்டதாக எழுதுகிறார். மிரட்டவில்லை பாருங்கள், கெஞ்சுகின்றன. அன்றைக்கே ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வாசித்து மனந்திரும்பினார். அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் பத்து வருடங்களுக்கு மேல் கழித்து, ஆயராக இருந்துகொண்டே, பழைய காட்சிகள் தூக்கத்தில் இன்னும் வருகின்றன என்று ஒளிக்காமல் எழுதினார். இழுப்பு இன்னும் இருக்கிறதே, அப்படியானால் நான் இரட்சிக்கப்படவில்லையோ என்று பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எபேசு பட்டணத்தாரோ கையில் நெருப்பை எடுத்தார்கள். அப்போஸ்தலர் 19இல் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தவர்கள் நேற்று வந்தவர்கள் அல்ல, ஏற்கனவே விசுவாசித்தவர்கள். விசுவாசம் வந்த பிறகும் புத்தகம் வீட்டில்தான் இருந்திருக்கிறது! மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய ஒரு வெள்ளிக்காசு. விற்றிருந்தால் நல்ல தொகை வந்திருக்கும். நம் கமிட்டி கூடியிருந்தால் விற்கத்தான் சொல்லியிருக்கும்.

நம் கொத்தனார் எரித்தது வேறு மாதிரி. மேஸ்திரியிடம் போய், "என் கூலியை என் வீட்டுக்காரி கையில் கொடுத்துடுங்க" என்றார். சாரத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் அதோடு விட்டிருந்தால் தாக்குப்பிடித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். ஏனென்றால் சனிக்கிழமை சாயங்காலம் காலியாகத்தானே கிடந்தது? சபையில் இரண்டு மூத்தவர்கள் அந்த நேரத்துக்கு அவர் வீட்டுத் திண்ணைக்கு வர ஆரம்பித்தார்கள். வேத பாடம் நடத்த அல்ல. டீ குடிக்க, ஊர்க்கதை பேச, சிரிக்க.

கேட்டுக்கொண்டிருக்கிற போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்திருக்கிறீர்கள், ஞாயிறு ஆராதனை வைத்திருக்கிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, கூலி வாங்கிய கையோடு ஒருவர் வந்தால், அவரோடு உட்கார உங்கள் சபையில் யார் இருக்கிறார்கள்?