முறைப்பாட்டுக் கடிதத்துக்கு ஒரு விலாசம்

வணக்கம்.

இந்த வானொலி நிகழ்ச்சியைச் செய்கிற தம்பி போன கிழமை போன் பண்ணி, "ஐயா, யுத்த காலத்தில் கரையோரப் பட்டினங்களில் நகரசபை, மாநகரசபை எல்லாம் எப்படி நடந்தது என்று கொஞ்ச நேரம் பேசுவீங்களா" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் ஏறி அரை நாள் கீழே இறங்க வேண்டிய ஊர்க்காரன் நான். அட்டன் பக்கத்தில் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, எப்படியோ படித்து, இங்கே மலையில் ஒரு உள்ளூராட்சிக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தே தலை நரைத்தவன். யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேச யாழ்ப்பாணத்திலேயே ஆளில்லையா என்று கேட்டேன். "நீங்க பேசினா வேற மாதிரி இருக்கும்" என்றார். சரி, அந்த வேற மாதிரிக்கே வருகிறேன்.

எனக்கு வடக்கில் ஒரு சினேகிதர் உண்டு. யாழ்ப்பாணப் பக்கத்துச் சபை ஒன்றில் வேலை பார்த்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்த பழக்கம். அப்புறம் இருபது வருஷம் முகம் பார்க்கவில்லை. யுத்தத்தால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதையை 2002 ஏப்ரலில் திறந்தார்கள் இல்லையா, அந்த வருஷமே லீவு போட்டுவிட்டு ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்டிக் காட்டி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கு நான் சொல்லப் போவதில் பாதி, அந்த வீட்டுத் திண்ணையில் கேட்டது.

முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். யாழ்ப்பாணம் மாநகரசபையானது 1949-இல். சாம் சபாபதி முதல் மேயர். 1959-இல் திறந்த பொது நூலகம் அந்தச் சபையின் சொத்து, இதைப் பலர் மறந்துவிடுகிறோம். 1981 ஜூன் முதலாம் திகதிக்கு விடிகிற இரவு ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் எரிந்தன என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் புத்தகங்களுக்கெல்லாம் ஒரு பதிவேடு இருந்திருக்கும், ஒவ்வொன்றிலும் சபையின் முத்திரை குத்தியிருக்கும், அதைக் குத்திய ஒரு எழுதுவினைஞன் இருந்திருப்பான் என்று என் போன்ற ஆட்களுக்குத்தான் உடனே தோன்றும். தொழில் புத்தி, என்ன செய்வது.

1983-க்குப் பிறகு அங்கே தெரிவு செய்யப்பட்ட சபை என்று ஒன்று நெடுங்காலம் இல்லை. மேயர் இல்லை, உறுப்பினர் இல்லை, ஆணையாளரும் உத்தியோகத்தர்களும்தான். அதாவது வாக்குப் போட்டவன் இல்லாமல் ஃபைல் மட்டும் நடந்தது. 1990-இல் இரண்டாம் கட்டச் சண்டை தொடங்கியதும் மின்சாரம் போனது. ஒரு நாள், ஒரு மாதம் அல்ல, வருஷக் கணக்கில். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பேட்டரி வராது, சவர்க்காரம் வராது, கடதாசி வராது. பத்திரிகையையே பள்ளிப் பிள்ளைகளின் கொப்பித் தாளில் அடித்தார்கள்.

நம் நிகழ்ச்சிக்குப் பொருத்தமான ஒன்று சொல்கிறேன். பேட்டரி இல்லாத அந்தக் காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் செய்தி கேட்பார்கள். அண்ணன் வீட்டில் சுற்றுகிற வேலை சின்ன மகனுக்கு. அவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைத்துவிடும் என்றார். இப்போது காரில் போய்க்கொண்டே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு நிமிஷம் அந்தப் பையனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு? ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய், மூடியில் ஓட்டை போட்டுச் செருகிய சின்னத் திரி. ஒரு பொட்டுச் சுடர்தான், ஆனால் இரவு முழுக்க எரியும். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். அதே வெளிச்சத்தில் அண்ணன் சோலைவரிக் கணக்கு, அதாவது வீட்டுக்குச் சபை வாங்குகிற வரியின் கணக்கு எழுதியிருக்கிறார்.

எனக்கு ஆச்சரியம் அங்கேதான். "அண்ணே, யார் அந்த நேரத்தில் சோலைவரி கட்டினது?" என்று கேட்டேன்.

"கட்டினவை, தம்பி. எல்லாரும் இல்லை. ஆனால் கட்டினவை. பற்றுச்சீட்டை மடிச்சு வைச்சுக்கொண்டுதான் போவினம். பிறகு வீடு உடைஞ்சாலும் இது என்ர வீடுதான் எண்டு காட்ட ஏதாவது வேணுமெல்லே."

சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது என்பதும் வெளியூர்க்காரர்களுக்கு நம்ப முடியாத விஷயம். ஊர் புலிகளின் கையில், கச்சேரியும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் சபைகளும் அரசாங்கத்தின் சம்பளத்தில். ஒரு மேசைக்கு இரண்டு முதலாளி. அண்ணன் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை, நானும் தோண்டவில்லை. காலையில் குப்பை அள்ளுகிற தொழிலாளி வந்தாரா, கிருமி நாசினி இருக்கிறதா, மலேரியாக் காலத்தில் கானில், அதாவது வீதியோர வடிகாலில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, இவைதான் அவருடைய யுத்தம். ஷெல் விழுந்த இடத்தில் முதலில் அம்புலன்ஸ் வரும், பிறகு சொந்தக்காரர்கள் வருவார்கள், எல்லோரும் போன பிறகு விளக்குமாறோடு சபைத் தொழிலாளி வருவார். அந்த மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை என்றார் அண்ணன், கோபமில்லாமல்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் அடி மேல் அடி வைக்கவும் இடமில்லாமல், மழையில். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். முன்னால் பாரில் பேத்தி, பின்னால் கரியரில் ஒரு சாக்குப் பை, பைக்குள் இரண்டு சீலை, அரிசி, சபையின் வரவுப் பதிவேடு, இறப்பர் முத்திரை. முத்திரையை ஏன் எடுத்தீர்கள் என்றால் அவருக்கே காரணம் தெரியவில்லை. லாச்சியைப் பூட்டப் போனபோது கையில் வந்ததாம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் இருந்து, கூட வேலை செய்தவர்கள் அகப்பட்டபோதெல்லாம் அந்தப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஊரில் ஆளில்லை, கந்தோர் இல்லை, வரவு மட்டும் பதிவாகிறது. சிரிக்கிற கதைதான், ஆனால் அவர் சொன்ன விதத்தில் நான் சிரிக்கவில்லை.

அப்புறம் 1998. இதைச் சுருக்கமாகத்தான் சொல்வேன், இன்னும் ஆறாத விஷயம். ஜனவரி கடைசியில் தேர்தல் வைத்தார்கள். 23 உறுப்பினர் கொண்ட மாநகரசபை. சரோஜினி யோகேஸ்வரன் மேயரானார், யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர். மே 17-ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்தவர் பொன் சிவபாலன். செப்டெம்பர் 11-ஆம் திகதி நல்லூரில் மாநகரசபைக் கட்டிடத்துக்குள்ளேயே குண்டு வெடித்தது. மேயரும், கூட்டத்துக்கு வந்த இராணுவ, பொலிஸ் அதிகாரிகளும், இன்னும் பலரும் செத்தார்கள். நான்கு மாதத்துக்குள் இரண்டு மேயர்.

அன்றைய கூட்டம் எதற்குத் தெரியுமா? நகரத்துப் போக்குவரத்து ஒழுங்கு பற்றியது. எந்த வீதியில் எந்தப் பக்கம் வாகனம் போவது என்பது போன்ற சங்கதி. எங்கள் கந்தோரில் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வடையும் தேத்தண்ணியும் வரும், பாதிப் பேர் தூங்குவார்கள். நான் எத்தனை கூட்டறிக்கை எழுதியிருப்பேன், "பஸ் தரிப்பிடத்தை இருபது அடி தள்ளி வைப்பது குறித்து ஆராயப்பட்டது" என்று. அந்த மாதிரி ஒரு வரிக்காக மனிதர் சாகலாம் என்பது, பேப்பரில் படித்த அன்றைக்கு எனக்கு மண்டையில் ஏறவே இல்லை.

பிறகும் சபை நின்றுவிடவில்லை. நூலகத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2003 பெப்ரவரியில் அதன் திறப்பு விழா எதிர்ப்பால் நின்று, மேயர் செல்லன் கந்தையனும் உறுப்பினர்களும் பதவி விலகினார்கள். மறுபடி தேர்தல் நடந்தது யுத்தம் முடிந்த பிறகு, 2009 ஓகஸ்டில்.

இனி நம் பக்கத்துக் கதை.

திண்ணையில் இருந்து இதையெல்லாம் கேட்ட அந்த இரவு நான் ஒன்று கேட்டேன். "சண்டைக்குள் சனம் சபைக்கு என்னதான் எழுதும்?" அண்ணன் உள்ளே போய் ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்தார். முறைப்பாட்டுக் கடிதங்கள். கட்டாக்காலி நாய்த் தொல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மதிலை வீதிக்குள் தள்ளிக் கட்டிவிட்டான். கான் அடைத்து மணக்கிறது. ஒன்று, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. முந்தின நாள் பொம்பர், குண்டு போடுகிற விமானம், வந்து போன ஒழுங்கையிலிருந்து எழுதியிருக்கிறார்கள், பொம்பரைப் பற்றி ஒரு சொல் இல்லை, கானைப் பற்றித்தான். பொம்பருக்கு முறைப்பாடு எழுத விலாசம் இல்லை, கானுக்கு இருக்கிறது.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் அதே வருஷங்களில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்?

நம் ஊரில் குண்டு விழவில்லை. சுற்றிவளைப்பு, அடையாள அட்டை, கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது, அதெல்லாம் உண்டு. ஆனால் கந்தோருக்குக் கரண்ட் இருந்தது, லொறிக்கு டீசல் இருந்தது. அப்படி இருந்தும் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், லயத்துத் தண்ணீர்ப் பீலியில் (குழாயில்) ஒரு மாதமாகத் தண்ணீர் இல்லை, அல்லது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதை மண்சரிவில் போய்விட்டது என்று எழுதியிருந்தால், நான் டைப் பண்ணுகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "தாங்கள் குறிப்பிடும் இடம் தோட்ட நிர்வாகத்துக்கு உட்பட்டதாகையால் இச்சபையால் நடவடிக்கை எடுக்க இயலாதென்பதை அறியத் தருகிறேன்." தோட்டத்துக் கந்தோருக்குப் போனால் அவர்கள் சபைக்கு அனுப்புவார்கள். இரண்டுக்கும் நடுவில் பீலி காய்ந்து கிடக்கும்.

சட்டம் அப்படி. 1987-இன் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவு என்று ஒன்று. அதைக் காட்டித்தான் தோட்டக் குடியிருப்புக்குப் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாதென்றார்கள். வாக்குக் கேட்க வரலாம், கானுக்குக் காசு போட முடியாது. அதற்கு முந்தின காலம் இன்னும் மோசம். வெள்ளைக்காரன் காலத்துக் கிராமச் சபையில் தோட்டத் தொழிலாளிக்கு வாக்கே இல்லை, 1948-க்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமையே இல்லை. நான் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. ஆனால் அந்தப் பதிலை டைப் பண்ணின விரல் என்னுடையது, அதுவும் என் அம்மா கொழுந்து பறித்த மலைக்குப் பக்கத்து மலைக்கு. ஒரு தடவை, கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த ஆறு பேரில் ஒருவர் என் சித்தப்பா. அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா டைப் அடிக்கிறப்பா" என்றார்.

அந்தப் பிரிவை 2018-இல்தான் திருத்தினார்கள். அதே வருஷத் தேர்தலோடு நுவரெலியா மாவட்டத்தில் சபைகளும் கூடின. இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம் இருந்த அம்பகமுவ சபையைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட் என்றும், நுவரெலியா சபையைப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனை என்றும் புதுச் சபைகள் வந்தன. அந்தச் சபைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கேட்டால் அதற்குத் தம்பி இன்னொரு நாள் என்னைக் கூப்பிட வேண்டும். பட்ஜெட் கூட்டத்தில் கதிரை பறக்கிறதும் உண்டு.

நான் ஓய்வு பெற்று நாளாகிறது. எங்கள் பழைய லயத்துக்குப் போகிற வளைவில், பிள்ளையார் கோயிலுக்குக் கீழே, சபை ஒரு தெரு விளக்கு போட்டது. ஒரே ஒரு கம்பம். அன்றைக்கு இரவு அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வயசாகிவிட்டது, காது மந்தம், இரண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்த்துச் சொல்வார் என்று பார்த்தால், "பல்ப் போனால் ஆருக்கு எழுதுவியள்?" என்று கேட்டார்.

"சபைக்குத்தான் அண்ணே."

"ஓம், அப்ப சரி."

மூன்று மாதத்தில் பல்ப் போனது. எழுதினேன். லயத்திலிருந்து பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள், சித்தப்பாவின் மகனும் ஒருவன். இன்னும் பதில் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை இரண்டாவது கடிதத்தோடு நானே நேரில் போகிறேன்.

வணக்கம்.