'பூமி தெரியாத புள்ள'ன்னு ஏன் யாரும் சொல்றதில்ல?

(டெல்லி ஜந்தர் மந்தர், காலை வெயில். கேமரா அந்தப் பெரிய செவப்பு சரிவுச் சுவரோட உச்சில இருந்து மெதுவா கீழ இறங்குது.)

வணக்கம், டெல்லில இருந்து பேசுறேன். விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் வச்சுக்கலாம். நாம வீட்ல சாதாரணமா பேசுற வாக்கியம்தான். 'உலகம் தெரியாத புள்ள.' 'ஊரு உலகம் என்ன சொல்லும்?' 'உலகமே இடிஞ்சு விழுந்த மாதிரி உக்காந்திருக்கா.' இப்ப இதுல உலகத்த எடுத்துட்டு பூமின்னு போட்டு சத்தமா சொல்லிப் பாருங்க. பூமி தெரியாத புள்ள. ஊரு பூமி என்ன சொல்லும். ஒட்டவே ஒட்டல, இல்லையா? அப்படியே திருப்பியும் போட்டுப் பாருங்க, வீடு கட்டுறதுக்கு முன்னாடி உலக பூஜை போட்டோம், உலகத்துக்கு அடியில இருநூறு அடில தண்ணி வந்துச்சு. இதுவும் வராது.

ஸ்கூல்ல நமக்கு உலகம், பூமி, புவி, ஞாலம், வையம், பார், தரணி எல்லாம் ஒண்ணுதான், ஒரு பொருள் பல சொல்னு மனப்பாடம் பண்ண வச்சாங்க, பரீட்சைக்கு அது போதும். ஆனா பேசுற நாக்குக்கு வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சிருக்கு. பூமிங்கிறது காலுக்கு கீழ கெடக்குற மண்ணும் பாறையும். உலகம்னா அதுல மனுஷங்க இருக்கணும், பாக்கணும், பேசணும், நம்மள பத்தி ஏதாவது சொல்லணும். இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னு போகப் போக சொல்றேன்.

முதல்ல பூமிய பாத்துருவோம். வயசு கிட்டத்தட்ட 454 கோடி வருஷம். நடுவுல, அதாவது நிலநடுக்கோட்டுல, குறுக்களவு 12,756 கிலோமீட்டர், துருவத்துல இருந்து துருவத்துக்கு எடுத்தா 12,714தான், ஏன்னா தன்னைத்தானே சுத்துற வேகத்துல இடுப்புப் பக்கம் கொஞ்சம் பிதுங்கிருச்சு. அது சுத்துற வேகம் எல்லா ஊருக்கும் ஒண்ணு கிடையாது. கன்னியாகுமரில நிக்கிற ஒருத்தர பூமி மணிக்கு சுமார் 1,650 கிலோமீட்டர் வேகத்துல சுத்திக் கொண்டு போகுது, இங்க டெல்லில நிக்கிற எனக்கு அது 1,465 பக்கம்தான், வடக்க வர வர வட்டம் சின்னதாகிடுதுல்ல, அதனால. இது எதுவும் நம்மள கேட்டு நடக்கல, பாக்க ஆளே இல்லாத காலத்துலயும் இது இப்படித்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

(ஸ்க்ரீன்ல மூணு சொல் ஒண்ணொண்ணா: வேர்ல்ட், துனியா, ஜஹான்.)

இப்ப உலகத்துக்கு வருவோம். இங்கிலீஷ்ல வேர்ல்ட்னு சொல்றோமே, அது பழைய இங்கிலீஷ்ல ரெண்டு சொல் சேந்து உண்டானது. 'வேர்'னா மனுஷன், அடுத்த பாதிக்கு வயசு, காலம்னு அர்த்தம். ஆக வேர்ல்ட்னா மனுஷனோட காலம், உருண்டைங்கிற பேச்சே அதுல இல்ல. இங்க ஆட்டோக்காரர்ல இருந்து ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் நாளுக்கு பத்து தடவ சொல்ற துனியா அரபில இருந்து வந்தது, கிட்டக்க இருக்கிறதுங்கிறதுதான் அதோட வேர். மறுமைன்னு ஒண்ணு தள்ளி இருக்கு, இது பக்கத்துல இருக்கிறது, கையில இருக்கிற வாழ்க்கை. ஜஹான் பாரசீகம். டெல்லி முழுக்க இந்தச் சொல் கெடக்கு, ஷாஜஹான்னா உலகத்துக்கே ராஜா, அவரு கட்டுன ஷாஜஹானாபாத்தான் இன்னைக்கு பழைய டெல்லி, அதுக்கும் முன்னாடி 14-ம் நூற்றாண்டுல முகமது பின் துக்ளக் கட்டுன நகரத்துக்குப் பேரு ஜஹான்பனா, உலகத்துக்கே அடைக்கலம்னு அர்த்தம். அந்த மதில்ல மிச்சம் இருக்கிற துண்டுங்களுக்குப் பக்கத்துலதான் இன்னைக்கு அபார்ட்மெண்ட்டும் பார்க்கிங்கும் இருக்கு. அவங்க உலகம்னு சொன்னது அவங்க ஆட்சி எட்டின தூரம்.

நம்ம பக்கம் என்ன சொல்லிருக்காங்கன்னு பாத்தா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு. தொல்காப்பியத்துல திணைய பத்தி சொல்ற எடத்துல 'காடுறை உலகம்', 'மைவரை உலகம்', 'தீம்புனல் உலகம்', 'பெருமணல் உலகம்'னு வரும். காடு ஒரு உலகம், மேகம் படியுற மலை ஒரு உலகம், நல்ல தண்ணி பாயுற வயக்காடு ஒரு உலகம், கடற்கரை மணல் ஒரு உலகம். நல்லா கவனிங்க, ஒரே தமிழ்நாட்டுக்குள்ள நாலு உலகம். மலையில தேன் எடுக்கிறவனுக்கும் கடல்ல வலை போடுறவனுக்கும் சாமி வேற, தொழில் வேற, பொழுது வேற, காதல்ல வர்ற கஷ்டம் கூட வேற, அப்ப உலகமும் வேறதான்னு எழுதி வச்சிருக்காங்க. அதே தொல்காப்பியம் இன்னொரு எடத்துல நிலம் தீ நீர் வளி விசும்பு அஞ்சும் கலந்த மயக்கம் உலகம்னும் சொல்லுது, அங்க உலகம்னா பொருளால ஆன உலகம். ஒரே நூலுக்குள்ள ரெண்டு அர்த்தமும் இருக்கு.

எங்க வீட்ல இந்தச் சண்டை நெசமாவே நடந்திருக்கு. அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, நாங்க வளந்தது ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல, சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம். ட்யூஷன் முடிஞ்சு ராத்திரி எட்டரைக்கு நான் வீட்டுக்கு வந்தா அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு 'ஊரு உலகம் என்ன சொல்லும் மக்ளே'ன்னு ஆரம்பிப்பாங்க. எங்க பிளாக்ல ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு பெங்காலிக் குடும்பம், மேல ஒரு கட்வாலி, இதுல யாருக்கும் தமிழ் தெரியாது, நான் எத்தன மணிக்கு வர்றேன்னு கணக்கு வச்சுக்கவும் யாருக்கும் நேரமில்ல. எந்த உலகம்மா, யாரு சொல்லுவான்னு நான் கத்துவேன். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, அம்மா சொன்ன உலகம் டெல்லில இல்லவே இல்ல, அது 2,000 கிலோமீட்டருக்கு அப்பால ஒரு தெருவுல இருந்த எட்டு வீடு. அந்த எட்டு வீட்டையும் அம்மா ரயில்ல ஏத்திக் கூட்டிட்டு வந்து எங்க குவார்ட்டர்ஸ் மாடிப்படில உக்கார வச்சிருந்தாங்க. அப்பா ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் ஊருக்கே போயிட்டாங்க, என் உலகம் இங்கயே நின்னுருச்சு.

(ஊஞ்சல் மாதிரி ஆடுற ஒரு கனமான உலோகக் குண்டு. அடியில வட்டமா டிகிரி கோடு.)

ஞாலம்ங்கிற சொல்லையும் விட்டுறக்கூடாது. ஞாலுதல்னா தொங்குதல், அந்த வேர்ல இருந்துதான் ஞாலம்னு வந்துச்சுன்னு சொல்லாராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, அதாவது தொங்கிக்கிட்டு இருக்கிறது. இதக் காட்டி நம்ம முன்னோர்களுக்கு விண்வெளி எல்லாம் அப்பவே தெரியும்னு ஃபார்வர்டு வரும், நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனா தொங்குற ஒரு குண்ட வச்சுத்தான் பூமி சுத்துறத கண் முன்னாடி காட்ட முடிஞ்சுதுங்கிறது உண்மை. 1851-ல பாரிஸ்ல ஃபூக்கோங்கிற விஞ்ஞானி ஒரு நீளக் கம்பில குண்டத் தொங்கவிட்டு ஆட விட்டாரு, நேரம் ஆக ஆக அது ஆடுற திசை மெதுவா திரும்பிக்கிட்டே போச்சு. நிஜத்துல குண்டு அதே வாக்குலதான் ஆடுது, அடியில தரைதான் திரும்புது. இங்க டெல்லில புது பார்லிமெண்ட் கட்டடத்துக்குள்ளயும் அப்படி ஒண்ணு தொங்குது, ஒரு முழு வட்டம் வர கிட்டத்தட்ட 50 மணி நேரம் ஆகும். அதையே கன்னியாகுமரில தொங்கவிட்டா ஏழு நாள் ஆகும், நிலநடுக்கோட்டுக்குப் போயிட்டா திரும்பவே திரும்பாது. ஆக அந்தக் குண்டப் பாத்தே நாம நிலநடுக்கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கிறோம்னு கணக்குப் போட்டுறலாம்.

சரி, நான் ஏன் ஜந்தர் மந்தர்ல வந்து நின்னுக்கிட்டு இதெல்லாம் பேசுறேன்?

வானத்த அளந்து பாக்குறதுக்காக இத கட்டுனது ஜெய்ப்பூர் ராஜா ரெண்டாம் ஜெய்சிங், 1724-ல. எனக்குப் பின்னாடி தெரியுற இந்தப் பெரிய முக்கோணச் சுவருக்குப் பேரு சாம்ராட் யந்திரம், ஒரு ராட்சச நிழல் கடிகாரம். இந்தச் சரிவு எவ்வளவு சாஞ்சிருக்கணும்னு கட்டுனவர் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. டெல்லியோட அட்சரேகை எவ்வளவோ, 28.6 டிகிரி, அதே அளவுக்குச் சாஞ்சு நேரா துருவ நட்சத்திரத்துப் பக்கம் காட்டணும். அதாவது இந்த விளிம்பும் பூமியோட அச்சும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கு. கண்ணால பாக்க முடியாத அந்த அச்ச, செங்கலும் காரையும் வச்சு கனாட் பிளேஸ் பக்கத்துல கட்டி வச்சிருக்காங்கன்னு நெனச்சாலே எனக்குப் புல்லரிக்கும், எத்தன தடவ வந்தாலும் இந்தச் சுவர் ஓரத்துல கொஞ்ச நேரம் கைய வச்சுக்கிட்டு நிப்பேன்.

இந்தக் காம்பவுண்ட் சுவருக்கு வெளிய போனீங்கன்னா ஜந்தர் மந்தர் ரோடு, நாட்டுல யாருக்குக் குறை இருந்தாலும் வந்து உக்கார்ற இடம். 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுப் போனதுக்கு அப்புறம், 2017 மார்ச்ல இருந்து 41 நாள் தமிழ்நாட்டு விவசாயிங்க அய்யாக்கண்ணு தலைமையில இந்த ரோட்லதான் உக்காந்தாங்க, செத்துப் போன விவசாயிங்களோட மண்டையோடுன்னு சொல்லி முன்னாடி வரிசையா வச்சுக்கிட்டு. நாங்க கொஞ்சம் பேர் ஒரு ஞாயித்துக்கெழம தயிர்சாதம் கட்டி எடுத்துட்டுப் போனோம். ஒரு பெரியவர் வாங்கி மடியில வச்சுக்கிட்டு, சாப்பிடாம, 'உலகம் பாக்கட்டும்னுதான் தாயி வந்து உக்காந்திருக்கோம்'னாரு. அவர் சொன்ன உலகம் எது? பூமி இல்ல. கேமரா, பேப்பர், மந்திரி, ரோட்ல நிக்காம போற கார்க்காரங்க, நாங்க. அன்னைக்கு அவருக்குப் பின்னாடி, சுவருக்கு உள்ள, பூமியோட அச்சு நின்னுக்கிட்டு இருந்துச்சு.

குறள்ல 'சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்'னு இருக்கறத வச்சு பூமி சுத்துறத வள்ளுவர் அப்பவே சொல்லிட்டாருன்னு நெறைய பேர் போஸ்ட் போடுறாங்க. தப்பு. அந்தக் குறள்ல உலகம்னா மக்கள், சுழன்றும்னா வேற வேற தொழில் தேடி எங்க அலைஞ்சு திரிஞ்சாலும்னு அர்த்தம், கடைசில எல்லாரும் ஏர் பின்னாடிதான் வந்தாகணும்ங்கிறாரு. விஞ்ஞானம்னு சொல்லி அத சின்னதாக்க வேண்டாம், அவர் சொன்னது அதவிடப் பெரிசு. அடுத்த குறளே 'உழுவார் உலகத்தார்க்கு ஆணி'. ஆணின்னா வண்டிச் சக்கரம் கழண்டு போகாம அச்சுல செருகுற அச்சாணி. வையம்ங்கிற சொல்லுக்குக் கூட பூமின்னும் அர்த்தம் இருக்கு, வண்டின்னும் அர்த்தம் இருக்கு, தெரியுமா? பூமியோட அச்சுக்கு ஆணி தேவையில்ல, அது பாட்டுக்கு ஓடும். உலகத்தோட அச்சுக்குத்தான் ஆணி வேணும், அந்த ஆணி அன்னைக்கு என் கண் முன்னாடி பிளாட்பாரத்துல உக்காந்திருந்துச்சு.

உலகம் அழியப் போகுதுன்னு அடிக்கடி நியூஸ் வரும்போதும் இதத்தான் நெனச்சுக்குவேன். 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு விண்கல் வந்து மெக்சிகோ பக்கம் மோதுச்சு, டைனோசர் கூட்டம் பறவைங்கள தவிர மொத்தமா போச்சு, பூமி ஒரு நாள் கூட லீவு எடுக்கல. 1964 டிசம்பர்ல ஒரே ராத்திரில புயலும் கடலும் தனுஷ்கோடிய எடுத்துக்கிச்சு. பூமிக்கு அது ஒண்ணுமே இல்ல, கரை கொஞ்சம் மாறுச்சு, அவ்வளவுதான். ஆனா ஸ்டேஷன், தபாலாபீஸ், சர்ச்சுன்னு அங்க ஒரு உலகமே இருந்துச்சு, அது அன்னைக்கு முடிஞ்சுது. அழியக்கூடியது எதுன்னு சரியா தெரிஞ்சாதான எதக் காப்பாத்தணும்னு தெரியும்? பருவநிலை மாற்றத்த பத்திப் பேசும்போது 'பூமிய காப்பாத்துவோம்'னு போர்டு வைக்கிறாங்க, நியாயமா பாத்தா அதுல உலகம்னு எழுதணும்.

(மொட்டை மாடி, ராத்திரி. போன் வெளிச்சம்.)

கடைசியா ஒரு சோதனை. காசு செலவில்ல, ஆனா ஒரு ஆளால பண்ண முடியாது. துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து எத்தன டிகிரி உயரத்துல தெரியுதோ அதுதான் உங்க ஊரோட அட்சரேகை. கைய நேரா நீட்டி முஷ்டிய மூடுனா அது வானத்துல சுமாரா 10 டிகிரிய மறைக்கும். டெல்லியும் நாகர்கோவிலும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகைல இருக்கு, இங்க இருந்து நேரா தெக்க ஒரு கோடு போட்டா அம்மா வீட்டுக்குக் கொஞ்சம் பக்கத்துல போய் நிக்கும். ரெண்டு ஊருக்கும் நேர்க்கோட்டுல சுமார் 2,260 கிலோமீட்டர். ஆக பூமி எவ்வளவு பெரிசுன்னு கையாலயே அளக்கணும்னா எனக்கு அந்த முனையில ஒருத்தர் வேணும்.

போன பிப்ரவரில மழை பேஞ்சு வானம் கழுவி விட்ட மாதிரி இருந்த ஒரு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். அப்பா வேணாம்னு சொல்லியும் கேக்காம மாடிக்கு ஏறிட்டாங்க. கல்யாணத்துல அருந்ததி பாக்கச் சொல்லுவாங்களே அந்த சப்தரிஷி மண்டலத்த வச்சு தேடச் சொன்னேன், தென்னமரம் மறைக்குதுன்னு ரெண்டு தடவ எடம் மாறினாங்க. நான் இங்க முஷ்டி மேல முஷ்டி வச்சு எண்ணினா மூணுக்குக் கொஞ்சம் கம்மி. 'இங்க ஒண்ணு கூட முழுசா வரல மக்ளே, அடில ஒட்டிக்கிட்டு கெடக்கு'ன்னாங்க. வித்தியாசம் ரெண்டு முஷ்டி, 20 டிகிரி. வட்டம் முழுசுக்கும் 360, அப்ப 18 மடங்கு. 2,260-அ 18-ஆல பெருக்குனா 40,680 கிலோமீட்டர். துருவம் வழியா பூமியோட உண்மையான சுற்றளவு 40,008.

இத போன்ல சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், 'இரு, எதுத்த வீட்டு அக்காவ கூப்பிட்டு காட்டிட்டு வாறேன், கட் பண்ணாத'ன்னு சொல்லிட்டு போன கையில பிடிச்சபடியே படி இறங்கிப் போனாங்க, செருப்புச் சத்தம் எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு.