லேப்டாப்ப மூடிட்டு சொல்லும்மா

எல்லாருக்கும் வணக்கம். மத்தவங்க எழுதின ஆராய்ச்சிய எப்படி சுருக்கி எழுதுறது, எப்படி நம்ம வார்த்தைல எடுத்துச் சொல்றதுன்னு காலேஜ் பிள்ளைங்களுக்காக பேசணும்னு வானொலி நிலையத்துலருந்து கூப்பிட்டாங்க, உடனே சரின்னுட்டேன், ஏன்னா 22 வருஷமா பாடம் எடுக்குறேன், பிள்ளைங்க என் ரூம்ல வந்து அழுத விஷயத்துல இதுதான் முதல் இடம்.

ஒரு பொண்ண பத்தி சொல்றேன், பேரு வேண்டாம். குடும்பத்துல முதல் பட்டதாரி, ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், ஏரிப் பாசனத்துல பிஎச்டி பண்ணிட்டு இருந்தா. நமக்கு முன்னாடி இதே விஷயத்துல யார் யார் என்ன சொல்லியிருக்காங்கன்னு ஒரு அத்தியாயம் வரும்ல, அத இங்கிலீஷ்ல எழுதி முடிச்சு காப்பி இருக்கான்னு பாக்குற சாஃப்ட்வேர்ல போட்டு பாத்தா 38 சதவீதம் மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போகுதுன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. அந்தப் பேப்பரக் கைல வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்குறா, உள்ள வரல. "மேடம் நான் காப்பி அடிக்கல மேடம், ஒவ்வொரு வார்த்தையா மாத்தினேன், ராத்திரி ராத்திரியா உக்காந்து மாத்தினேன்"னு சொல்றா, சொல்லும்போதே குரல் உடைஞ்சு போகுது.

38-ன்னா என்ன அர்த்தம்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018-ல கொண்டு வந்த விதிமுறைப்படி ஆய்வேட்டுல 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை கிடையாது, அதுக்கு மேல 40 வரைக்கும்னா 6 மாசத்துக்கு மிகாம ஒரு கெடு குடுத்து திருத்தி கொண்டு வரச் சொல்லுவாங்க, 40-லருந்து 60-னா ஒரு வருஷத்துக்கு திருத்தினதக்கூட குடுக்க முடியாது, 60-அ தாண்டினா பதிவே ரத்து. மேற்கோள் குறி போட்டு யார் சொன்னாங்கன்னு காட்டின பகுதி, பின்னாடி வர்ற நூல் பட்டியல், சட்டம், சமன்பாடு இதெல்லாம் கணக்குல வராது. ஆக இவ இந்த நாலு படில ரெண்டாவதுல நிக்குறா, ஆனா அவ முகத்த பாத்தா பதிவே ரத்தான மாதிரி இருந்துச்சு.

அவ பொய் சொல்லல. அத நான் அங்கயே நம்பினேன். என்ன பண்ணியிருக்கான்னா, திரைல இடது பக்கம் அந்தக் கட்டுரை, வலது பக்கம் இவ டாக்குமென்ட், அங்க ஒரு வார்த்தைய பாக்குறது, அகராதில அதே அர்த்தத்துல இன்னொண்ண தேடுறது, இங்க போடுறது. நேயர்களுக்கு கேட்டா புரியுற மாதிரி தமிழ்ல நானே ஒரு வாக்கியம் செஞ்சு கொண்டு வந்திருக்கேன், கேளுங்க. "மழைக்காலத்தில் பெருகும் நீரைத் தேக்கி வைத்து, கோடையில் பாசனத்துக்கு வழங்கியதோடு, சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஏரிகள் காத்துவந்தன." இது மூலம்னு வச்சுக்கோங்க. இவ முறைப்படி மாத்தினா எப்படி இருக்கும்? "மாரிக்காலத்தில் அதிகரிக்கும் தண்ணீரைச் சேமித்து வைத்து, வெயில்காலத்தில் விவசாயத்துக்கு அளித்ததுடன், அக்கம்பக்கக் கிணறுகளின் நீர் அளவையும் ஏரிகள் பாதுகாத்துவந்தன." வார்த்தை பூரா மாறியிருக்கு, ஆனா எலும்பு அப்படியே இருக்கு, அதே வரிசை, அதே மூச்சு, அதே இடத்துல நிறுத்தம். சட்டைய மாத்தி விட்டா ஆள் மாறிடுவாரா?

அமெரிக்காவுல கல்லூரி எழுத்துப் பயிற்சி பத்தி ஆராய்ச்சி பண்ற ரெபெக்கா மூர் ஹோவர்ட்னு ஒரு பேராசிரியர், 1990-கள்லயே இதுக்கு பேட்ச்ரைட்டிங்னு பேரு வச்சாங்க, நாம ஒட்டு எழுத்துன்னு சொல்லலாம். அவங்க சொன்னதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது என்னன்னா, இத உடனே திருட்டுன்னு முத்திரை குத்தாதீங்க, புரியாத ஒரு விஷயத்துக்குள்ள நுழையுற மாணவர் கடந்து போற ஒரு படி இது, கத்துக் குடுக்க வேண்டிய இடம் இதுங்கறாங்க. அவங்களும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து 18 மாணவர் கட்டுரைய எடுத்து வரி வரியா மூலத்தோட ஒப்பிட்டு 2010-ல வெளியிட்டாங்க. பெரும்பாலான கட்டுரைல ஒட்டு எழுத்து இருந்துச்சு, அதவிட எனக்கு உறுத்தினது, ஒரு கட்டுரைலகூட மூலத்த முழுசா சுருக்கிச் சொன்ன இடம் கிடையாது. அதாவது பிள்ளைங்க கட்டுரைய படிக்கல, அதுலருந்து வாக்கியத்த பொறுக்கியிருக்காங்க. இங்க நம்ம ஊர் ஆய்வேட்டுலயும் நான் பாக்குறது அதேதான்.

அப்ப அந்தப் பொண்ணோட ரிப்போர்ட்ட ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொரு பக்கமா பாத்தோம். ஒரு இடத்துல நான் நின்னுட்டேன். "ஆர்டினரி இரிகேட்டர்"னு எழுதியிருக்கா. சாதாரண பாசனக்காரர்? யாரும்மா இதுன்னு கேட்டேன். மூலக் கட்டுரைல காமன் இரிகேட்டர்னு இருந்திருக்கு, அதாவது ஏரிக்குக் கீழ இருக்குற எல்லார் வயலுக்கும் பொதுவா தண்ணி விடுற ஆள், இவ காமனுக்கு அகராதில ஆர்டினரின்னு பாத்து மாத்திட்டா. பொதுவான ஆள் சாதாரண ஆளா ஆகிட்டார், மொத்த அர்த்தமும் போச்சு. சாஃப்ட்வேர் அந்த இடத்துல சிவப்பு காட்டல, அது நல்லா மாத்தியிருக்குன்னு விட்டுடுச்சு! நான் பயப்படுறதே இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

இது இவளோட மட்டும் நிக்கல. 2021-ல கியோம் கபனாக்னு ஒரு பிரெஞ்சு கம்ப்யூட்டர் ஆய்வாளரும் அவர் கூட இன்னும் ரெண்டு பேரும், ஜர்னல்ல அச்சான கட்டுரைங்கள்லயே இப்படிப்பட்ட விபரீதச் சொற்கள கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. ஆர்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்ங்கறது கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்னு, அதாவது கள்ள நினைவுன்னு ஆகியிருக்கு, ப்ரெஸ்ட் கேன்சர் பூஸம் பெரில், அதாவது மார்பு ஆபத்துன்னு ஆகியிருக்கு. சதவீதத்த குறைக்க வார்த்தை மாத்துற மென்பொருள்ல போட்டு எடுத்தா இதுதான் வரும். கேன்சர் பத்தி ஒரு கட்டுரைல கேன்சர்ங்கற வார்த்தையே இல்லன்னா அத நம்பி யார் என்ன பண்றது? கலைச்சொல்ல மாத்தவே கூடாது பிள்ளைங்களா. ஒளிச்சேர்க்கைன்னா ஒளிச்சேர்க்கைதான், அதுக்கு வேற பேரு தேடாதீங்க.

சரி, அன்னைக்கு என்ன பண்ணேன்னு சொல்றேன். லேப்டாப்ப மூடச் சொன்னேன். "இந்தக் கட்டுரைல என்ன இருக்கு, எனக்கு ஏரியும் தெரியாது ஒண்ணும் தெரியாது, வீட்ல அம்மாகிட்ட சொல்ற மாதிரி தமிழ்ல சொல்லும்மா"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க, "மேடம் ஏரிக்கு ரெண்டு வேலைன்னு இவர் சொல்றார், ஒண்ணு கண்ணுக்குத் தெரியுறது, மதகு வழியா வயலுக்குப் போற தண்ணி, இன்னொண்ணு தெரியாதது, ஏரில தண்ணி நிக்கிற வரைக்கும் பக்கத்துக் கிணறு வத்தாது"ன்னா. கேட்டீங்களா? நான் முதல்ல படிச்சேனே அதே விஷயம்தான், ஆனா எலும்பே வேற. இவ புரிஞ்சுகிட்டத இவளே அடுக்கினது. அப்புறம் அந்த ஆர்டினரி இரிகேட்டர் யாருன்னு கேட்டா, "அது நம்ம நீர்க்கட்டி மேடம், எங்க ஊர்ல ஒரு தாத்தா இருந்தாரு"ங்கறா! நீர்க்கட்டி! ஏரித் தண்ணிய வயலுக்கு விடுறவர ஊர்ல சொல்ற பேரு. அந்த வார்த்தை இவ நாக்குலயே இருந்திருக்கு, அது இங்கிலீஷ் அகராதில இருக்கும்னு தேடியிருக்கா.

அதனால நான் இப்ப எல்லா பிள்ளைங்களுக்கும் சொல்றது இதத்தான், இங்கிலீஷ்ல எழுத வேண்டிய கட்டுரையா இருந்தாலும் மொதல்ல தமிழ்ல வாயால சொல்லுங்க, போன்ல பதிவு பண்ணிக்கோங்க, மூலத்த பாக்காம அதுலருந்து சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா எழுதுங்க. வாக்கியம் அழகா இல்லன்னா பரவால்ல, திருத்திக்கலாம். எழுதி முடிச்சப்புறம் மூலத்த திறந்து ஒப்பிட்டு பாருங்க, இந்த வேலைய விட்டுடாதீங்க, ஏன்னா நினைவுலருந்து எழுதும்போது "இருக்கலாம்"னு மூலத்த எழுதினவர் தயங்கிச் சொன்னது நம்ம கைல "இருக்கிறது"ன்னு உறுதியா ஆகிடும், ஒரு மாவட்டத்துல பாத்தது தமிழ்நாடு பூராவும்னு ஆகிடும். தண்ணி வரத்துக்கும் விளைச்சலுக்கும் தொடர்பு தெரியுதுன்னு அவர் எழுதினா, தண்ணி வரத்துதான் காரணம்னு நீங்க எழுதக்கூடாது, அது அவர் சொல்லாதது.

இன்னொண்ணு, நம்ம வார்த்தைல எழுதிட்டோம்ல, அப்புறம் எதுக்கு அவர் பேரு போடணும்னு கேக்குறாங்க. வார்த்தை நம்மது, கண்டுபிடிச்சது அவர் உழைப்பு, பேரு போட்டே ஆகணும். இங்கிலீஷ்ல இருக்கறத தமிழ்ல மாத்தி எழுதினாலும் போட்டே ஆகணும், சாஃப்ட்வேர் கண்டுபிடிக்காதுங்கறது ஒரு சமாதானமே இல்ல. இது வெளிநாட்டுக்காரன் கொண்டு வந்த வழக்கம்னு சில பேர் சொல்றப்ப எனக்கு வருத்தமா இருக்கும். தொல்காப்பியத்துல எத்தனை சூத்திரம் "என்மனார் புலவர்"னு முடியுதுன்னு பாருங்க, புலவர்கள் இப்படிச் சொல்லுவாங்கன்னு, முன்னாடி சொன்னவங்கள காட்டிட்டுத்தான் தொல்காப்பியர் நகருறார். வழிநூல், அதாவது முன்னாடி இருக்குற நூல வச்சு எழுதுற நூல், நாலு விதம்னு மரபியல்ங்கற பகுதில சொல்றார், தொகுத்தல், விரித்தல், ரெண்டும் சேந்த தொகைவிரி, மொழிபெயர்த்தல். சுருக்கி எழுதுறத ஒரு தனித் திறமையா பேரு வச்சு சொன்ன மொழி நம்மது.

அந்தச் சுருக்கி எழுதுறத பத்தியும் கொஞ்சம் சொல்லணும். ஸ்கூல்ல ஒரு பத்திய மூன்றில் ஒரு பங்கா சுருக்குகன்னு கேப்பாங்க, நாம வார்த்தைய எண்ணி, உதாரணத்த வெட்டி, அடைமொழிய வெட்டி, மிச்சத்த எழுதி மார்க் வாங்கிடுவோம். ஆராய்ச்சிக்கு அது உதவாது. 20 பக்கக் கட்டுரை உங்க அத்தியாயத்துல மூணு வரியா வரணும், வெட்டிக்கிட்டே போனா மூணு வரிக்கு வராது. இவங்க என்ன கேள்வியோட கிளம்பினாங்க, எங்க போய் எப்படிப் பாத்தாங்க, என்ன கிடைச்சது, எத பாக்காம விட்டாங்க, இந்த நாலுக்கு வாயால பதில் சொல்ல முடிஞ்சா மூணு வரி தானா வந்துடும். சொல்ல முடியலன்னா இன்னும் படிக்கலன்னு அர்த்தம், திரும்பப் போய் படிக்கணும், ஏஐ-கிட்ட குடுத்து சுருக்கி வாங்கிட்டா அது படிச்சதாத்தான் ஆகும், நீங்க படிச்சதா ஆகாது. வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, கேக்குறது உங்ககிட்ட. அதோட உங்க ஆய்வேடு ஷோத்கங்காங்கற இந்திய ஆய்வேடுகளோட இணையக் களஞ்சியத்துல ஏறினப்புறம் எந்த ஊர்லருந்தும் யார் வேணாலும் திறந்து படிப்பாங்க.

அந்தப் பொண்ணுக்கு திருத்த நாலு மாசம் ஆச்சு. ஒவ்வொரு கட்டுரையா மூடி வச்சுட்டு சொல்றது, எழுதுறது, ஒப்பிடுறது. பாதில ஒரு நாள் ஓடி வந்தா. "மேடம், நீர்க்கட்டிக்கு அறுவடைல நெல்லா கூலி குடுத்தாங்கன்னு இவர் எழுதியிருக்காரு, அதச் சுருக்கிட்டு இருந்தேன், அப்பாகிட்ட போன்ல சொன்னேன், எங்க ஊர்ல அத காசா மாத்திட்டாங்களாம், காசும் வருஷா வருஷம் பாக்கி விழுந்துச்சாம், அதுக்கப்புறம்தான் ராத்திரில மதகு பாக்க ஆள் இல்லாம போச்சுன்னு அப்பா சொல்றாரு, இது எந்தக் கட்டுரைலயும் இல்ல மேடம், நான் எழுதலாமா?"ன்னு கேட்டா.

மொதல்ல ஊருக்குப் போய் இன்னும் பத்து பேர்கிட்ட கேட்டுட்டு வான்னு அனுப்பினேன்.