நிலவு வரை எட்டிய கசிவு

அவையோருக்கு வணக்கம்.

உங்கள் கைபேசிக்கு வழி சொல்லும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நிலவுக்குப் போகும் கலம் முதல் நாளிலேயே அந்த உயரத்தைக் கடந்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஆகும்? அந்தக் கோள்களின் ஆன்டெனா எல்லாம் பூமியைப் பார்த்துக் குனிந்தே நிற்பவை. மேலே போனவருக்குத் தெரிவது அவற்றின் முதுகுதான்.

ஆனால் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோள்கள் நம் கலத்தின் பக்கமாகத்தானே முகம் காட்டுகின்றன! பூமி நடுவில் மறிக்கிறது, உண்மை. பானைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளிச்சம் வழியும். ஜிபிஎஸ் கதிரும் அப்படியே பூமியின் விளிம்பைச் சுற்றி வழிகிறது. அது போக, ஆன்டெனாவின் பக்கவாட்டிலும் மெலிதாகக் கசிகிறது. தரையில் இருப்பவருக்காகச் செய்த ஏற்பாட்டில் அந்தப் பக்கக் கசிவு யார் கணக்கிலும் இல்லை. நான் இன்று பேச வந்தது அந்தக் கசிவைப் பற்றித்தான்.

2000 நவம்பரில் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்களின் ஏஓ-40 என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. சில வாரங்களிலேயே அதன் உந்து அமைப்பில் வெடிப்பு. காயம்பட்ட அந்தக் கோள் தப்பிப் பிழைத்து, தன்னுள் இருந்த ஜிபிஎஸ் கருவிகளால், கிட்டத்தட்ட 58,000 கிலோமீட்டர் உயரம் வரை போய்ப் பக்கக் கசிவை அளந்து அனுப்பியது. பொழுதுபோக்காக ரேடியோ கட்டியவர்களின் கோள் அது! எனக்கு நெஞ்சு நிறைகிறது. பின்னர் பூமியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை ஆராயும் நாசாவின் எம்எம்எஸ் கலங்கள் 1,87,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் இடம் கணித்தன.

2025 மார்ச் 2 அன்று ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ப்ளூ கோஸ்ட் கலம் நிலவின் மேரே கிரிசியம் சமவெளியில் இறங்கியது. நாசாவும் இத்தாலிய விண்வெளி அமைப்பும் சேர்ந்து அனுப்பிய லுக்ரே என்ற சிறிய கருவி அதில் இருந்தது. கலத்தை இறக்கியது அந்தக் கருவி அல்ல. அது ஒரு சோதனை மட்டுமே. மறுநாளே அது நிலவின் தரையில் இருந்து ஜிபிஎஸ், ஐரோப்பாவின் வழிகாட்டு அமைப்பான கலிலியோ இரண்டின் சிக்னலையும் பிடித்துத் தன் இடத்தைக் கணித்தது. தூரம், சுமார் 3,62,000 கிலோமீட்டர்! தரையில் நமக்குக் கிடைப்பதைவிட ஏறக்குறைய 20 மடங்கு தூரம் என்றால், சிக்னலின் வலிமை 400-இல் ஒரு பங்கு. பக்கக் கசிவு அதனினும் மெலிது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடலில் இருப்பவர் கரையில் தள்ளித்தள்ளி நிற்கும் இரண்டு அடையாளங்களைப் பார்த்து இடம் குறிப்பார். இரண்டும் ஒட்டி நின்றால் குறி தவறும். நிலவில் நின்று கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். ஜிபிஎஸ் கோள்கள் அத்தனையும் அந்த முஷ்டிக்குள் மறைந்துவிடும். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் தூரம் கணிக்கிறோம். அதனால் பூமியை நோக்கிய திசையில் தூரப் பிழையும் கடிகாரப் பிழையும் கலந்துபோகும். ஒரு மைக்ரோ வினாடி தவறினால் 300 மீட்டர் தவறு. அதுவும் நிலவில் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 56 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். அதனால் நல்ல கடிகாரம் வேண்டும். மணிக்கணக்கில் அளவுகளைச் சேர்த்து, பாதையின் இயற்பியலோடு பொருத்திப் பார்க்கவும் வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? இன்றுவரை தொலைதூரக் கலங்களின் இடத்தைப் பூமியில் இருந்துதான் பெரும்பாலும் கணித்தோம். அதற்கான பெரிய தட்டு ஆன்டெனாக்கள் நாசாவுக்குக் கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய இடங்களில். சந்திரயானுக்குப் பெங்களூர் அருகே ப்யாலாலு. அந்த ஆன்டெனாக்கள் சிலவே. கலங்கள் பெருகப் பெருக வரிசை நீளும். கலமே தன் இடத்தைச் சொல்லிவிட்டால் அந்த நேரம் அறிவியல் தரவுக்கு மிஞ்சும்.

நிலவின் தென் துருவத்தில் இந்தக் கசிவை நம்பி இருக்க முடியாது. அங்கே பூமி தொடுவானத்தை ஒட்டியே ஏறி இறங்கும். மாதத்தில் ஏறத்தாழ பாதி நாள் கீழே போய்விடும். மலை ஒன்று குறுக்கே நின்றாலும் போச்சு. நிலவின் மறுபக்கத்துக்கோ பூமியே தெரியாது. அதனால்தான் ஐரோப்பா மூன்லைட் திட்டத்தில் நிலவைச் சுற்றியே வழிகாட்டும் கோள்களை நிறுத்தப் பார்க்கிறது. போகும் வழிக்கும் சுற்றுப்பாதைக்கும் பூமியின் கசிவு, தரையிறக்கத்துக்கு நிலவின் சொந்தக் கோள்கள்: இப்படித்தான் அமையும் என்பது என் எண்ணம்.

அடுத்த தலைமுறை வழிகாட்டுக் கோள்களை வடிவமைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பூமிக்குப் போகாத சிக்னல் வீண் என்று நினைத்து ஆன்டெனாவின் பக்கக் கசிவை அடைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் கேட்க ஆள் வந்துவிட்டார்கள்.